ரெண்டு கல்லும் சேர்ந்து சுத்தினால்

சும்மா பாத்திட்டுப் போக வந்தனீங்களோ? நல்ல கதை. சண்டிலிப்பாய்க்குச் சும்மா பாக்க ஒருத்தரும் வாறேல்லைத் தம்பி. அதுவும் வீட்டிலை கலியாணத்தை வைச்சுக்கொண்டு நாங்கள் இருக்கேக்குள்ளை, வெள்ளை வேட்டியும் கோட்டுமா, சைக்கிளிலை, தியாகலிங்கம் வாத்தியார் வீடு இதோ எண்டு கேட்டுக்கொண்டு. வாங்கோ, படலையைச் சாத்திப்போட்டு வாங்கோ, மாடு உள்ளட்டுப்போடும். அந்த மாமரத்துக்குக் கீழை வாங்கு கிடக்கு, அதிலை இருங்கோ. நான் இதிலை குந்தியிருந்து உழுந்தை உடைச்சுக்கொண்டு கதைக்கிறன். குறை நினையாதையுங்கோ, புதன்கிழமை தட்டார் வந்து இந்த முற்றத்திலை தாலிக்குப் பொன்னுருக்கப் போறார், பலகாரத்துக்கு இன்னும் ஒரு மூடை உழுந்து உடைக்கக் கிடக்கு. திருகை நிண்டா வேலை நிண்டு போகும். மற்றது, வேலிக்கு அங்காலை இராசமலர் நிக்கிறாள். பாருங்கோ, ஓலைக்குள்ளாலை அவளின்ரை சீலைக் கரை தெரியுது. வெளிச்சத்திலை இருந்து உரத்துக் கதைச்சாத்தான் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

தியாகு இல்லை. கலியாணத்துக்குச் சொல்ல மானிப்பாய்ப் பக்கம் போட்டான், பொழுதுபடத்தான் வருவான். நான் தமக்கை. எங்களைப் பெத்த அப்பு ஆச்சி போன பிறகு இந்த வளவுக்குள்ளை நாங்கள் ரெண்டு பேர்தான். எதெண்டாலும் என்னட்டைக் கேளுங்கோ. என்னட்டைக் கேக்க ஏலாதெண்டா, ஆழ்வாப்பிள்ளையின்ரை கடையிலை கேட்டமாதிரிக் கேளுங்கோ.

என்ன, முழிக்கிறியள்? உங்கடை சைக்கிள் மதகைத் தாண்ட முந்திச் செய்தி இஞ்சை வந்திட்டுது. சந்தியிலை இறங்கி ஒரு சோடா குடிச்சனீங்கள். குடிச்சுப்போட்டு, வாத்தியார் வீட்டிலை ஆரார் இருக்கினம் எண்டு கேட்டனீங்கள். ஆரார் இருக்கினம்! சோடா குடிக்க வந்த மனிசனுக்கு அது என்னத்துக்கு?

நீங்கள் பண்டத்தரிப்பிலை, பொம்பிளை வீட்டுப் பக்கமிருந்துதான் வாறியள். இல்லையோ? வட்டுக்கோட்டையோ. ம். பொம்பிளையின்ரை தாயின்ரை தமையனும் வட்டுக்கோட்டைதான். படிப்பிக்கிறியளோ? வட்டுக்கோட்டைச் சந்தியிலை நிண்டு வாத்தியார் எண்டு கூப்பிட்டா பத்துப் பேர் திரும்பிப் பாப்பினம். பொறுங்கோ தம்பி, பொறுங்கோ. நான் சொல்லி முடிக்கிறன், பேந்து நீங்கள் சொல்லுங்கோ.

விசாரிக்க வாற ஆக்கள் கேக்கிறதை நீங்கள் கேளாமலே சொல்லிப்போடுறன். தியாகு கள்ளுக் குடியான். சுருட்டுப் பத்தான். வயசு முப்பத்துமூண்டு, பல்லெல்லாம் அவன்ரை சொந்தப் பல்லு. பள்ளிக்கூடம் விட்டா வீடு, வீடு விட்டா வாசிகசாலை. எங்கடை பகுதியிலை கயமில்லை, குட்டமில்லை, விசரில்லை. ஏன் இவ்வளவு காலம் கட்டேல்லை எண்டு கேப்பியள். என்னாலைதான். எனக்குச் சாதகக் குறிப்பிலை ஏழிலை செவ்வாய். செவ்வாய் எங்கையோ ஆகாசத்திலை தன்ரைபாட்டுக்குச் சுத்துது, இஞ்சை சண்டிலிப்பாயிலை என்ரை கலியாணம் நிண்டு போச்சு. மூத்தவள் இருக்கக் கட்டமாட்டன் எண்டு அவன் ஒரேபிடியா நிண்டவன். போன தையோடை எனக்கு முப்பத்தெட்டு. இனி எனக்கு வேண்டாம், நீ கட்டு எண்டு நான்தான் பிடிச்சுத் தள்ளினது.

ரெண்டு வருசத்துக்கு முன்னமும் ஒருத்தர் உங்களைப்போலதான் வந்தவர். மார்க்கண்டு எண்டு பேர் சொன்னவர். அந்த வாங்கிலைதான் இருந்தவர். புண்ணாக்கு விலை கதைச்சார், மழை கதைச்சார், நான் குடுத்த மோரை வாங்கிக் குடிச்சுப்போட்டு நல்ல மோர் எண்டும் சொன்னவர். மூண்டாம் நாள் அளவெட்டிச் சம்பந்தம் முறிஞ்சு போச்சு. வாத்தியார் வீட்டிலை காந்தம், காந்தம் எண்டு தன்ரைபாட்டிலை பினாத்துற சத்தம் கேக்குது, விசர்க் குடும்பம் எண்டு போய்ச் சொல்லியிருக்கிறார். அதுதான் உங்களுக்கு இன்னும் மோர் தரேல்லை. பகிடியில்லைத் தம்பி, உண்மையாத்தான்.

ஆனா இந்தமுறை அந்தப் பருப்பு வேகாது. பொம்பிளையின்ரை தேப்பன் கதிரவேலர், தெரியுமே? பெரிய வாத்தியாரா இருந்து இளைப்பாறினவர். படிப்பெண்டா அவருக்குச் சீவன். பேப்பரிலை மரியரட்ணம் மாஸ்டர் எண்டு ஒருத்தர் மின்சாரத்தைப்பற்றி எழுதி, சந்தேகம் இருந்தாக் கேளுங்கோ எண்டு அடியிலை விலாசமும் போட்டிருந்தவர். அதுக்குத் தியாகு மூண்டு கடுதாசி போட்டவன். மாஸ்டரும் மூண்டுக்கும் மறுமொழி போட்டவர். தரகர் என்ன செய்தாரெண்டா, குறிப்போடை அந்த மறுமொழியளையும் கொண்டுபோய்க் கதிரவேலரிட்டைக் காட்டிப்போட்டார். அந்த மனிசன் ஒருக்கா வாசிச்சுதாம், ரெண்டாந்தரம் கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு வாசிச்சுதாம். எங்கடை காணியைக் கேக்கேல்லை, வீட்டைக் கேக்கேல்லை. இப்பிடி யோசிக்கிற பொடியனுக்குத்தான் என்ரை பாலேஸ்வரி எண்டு சொல்லிப்போட்டுது.

அப்ப பாருங்கோ. போனமுறை ஆளைக் கவிழ்த்த காந்தம் இந்தமுறை ஆளைத் தூக்கி நிமித்திப்போட்டுது. இந்தக் கலியாணம் நிக்கிறது அந்த மூண்டு கடுதாசியிலைதான். கடுதாசியிலை ஒரு குறை எண்டு ஆரும் போய் ஊதினா, புதன்கிழமைப் பொன் உருகாது. அதுதான் உங்களைப் படலையிலை கண்டவுடனை நான் பிடிச்சு இருத்திக் கதைக்கிறது.

சிரிக்காதையுங்கோ. ஏன் சிரிக்கிறியள்?

காந்தமோ? இருக்கு. ஏன் கேக்கிறியள்? ஆடு மாட்டைக் கேட்டாலும் பரவாயில்லை, விசாரிக்க வந்த மனிசன் காந்தத்தைக் கேக்குது. எங்கடை மச்சான் ஏரம்பு லொறி ஓடுறவர். பழைய லொறியொண்டைக் கழட்டேக்குள்ளை அதுக்குள்ளை கிடந்ததெண்டு கொண்டந்து தந்தவர். மாட்டு லாடம் மாதிரி ஆனா ஒரு கை மொத்தம். முதல் நாள் அதிலை அரிவாள் ஒட்டிப்போய், தியாகு இழுக்கப்போய், விரலை வெட்டிப்போட்டான். அண்டைக்குப் பிறகு அவன் அதைத் தொடவேயில்லை.

இல்லை, இல்லை, தொடேல்லை எண்டா... தொடத் தேவையில்லைத் தம்பி. இது தொட்டுச் செய்யிற வேலையில்லை. யோசிச்சுச் செய்யிற வேலை. வீட்டிலை உதுக்குச் செப்புத்தட்டு ஏது, மின்சாரம் ஓடுதோ எண்டு காட்டுற முள்ளுப் பெட்டி ஏது? மனசுக்குள்ளை வைச்சுச் சுத்திப் பாக்கிறதுதான். செலவில்லை, சத்தமில்லை. மார்க்கண்டு மாதிரி ஆக்கள் வேலிக்கை நிக்காட்டி ஒருத்தருக்கும் தெரியவும் வராது.

கடுதாசியிலை என்ன யோசினை இருந்ததெண்டோ? ஓ, சோதிக்கிறியளோ. கதிரவேலர் அனுப்பின ஆள்தான் நீங்கள் எண்டு இப்ப விளங்குது. சரி, கேளுங்கோ. தமக்கைக்கே இவ்வளவு தெரியுமெண்டா தம்பிக்கு எவ்வளவு தெரியும் எண்டு போய்ச் சொல்லுங்கோ. நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டவள். தியாகு சோதினைக்குச் சத்தம்போட்டுப் பாடமாக்குவான், நான் பக்கத்திலை இருந்து குரக்கன் அரைப்பன். காதிலை விழுந்ததுதான், வேறை ஒண்டுமில்லை.

முதல் கடுதாசி இதுதான். லாடத்தை விடுங்கோ. அம்மிக்குழவி மாதிரி உருண்டையான ஒரு காந்தம் எண்டு வையுங்கோ. அதைக் குத்தென நிமித்தி வைச்சு, நிண்ட நிலையிலையே பம்பரம் மாதிரிச் சுத்திவிடுறம். குழவி சுத்துது, அது கண்ணுக்குத் தெரியுது. ஆனா அதைச் சுத்தி வெளியிலை ஒரு இழுவை இருக்கெல்லோ, இரும்பைப் பிடிச்சு இழுக்கிற இழுவை. அதுவும் சேர்ந்து சுத்துதோ? இல்லாட்டிக் குழவி மட்டும் சுத்த, இழுவை நிண்ட இடத்திலை நிக்குதோ? குத்துவிளக்கைக் கொளுத்தி வைச்சுச் சுத்திவிடுங்கோ. விளக்குச் சுத்தும், வெளிச்சம் சுத்தாது. விளக்குமாத்தைச் சுத்திவிடுங்கோ. ஈர்க்கெல்லாம் அதோடை சேர்ந்து சுத்தும். அப்ப காந்தம் குத்துவிளக்குச் சாதியோ, விளக்குமாத்துச் சாதியோ? இழுவையைக் கண்ணாலை காண ஏலாதே, என்னெண்டு கண்டுபிடிக்கிறது?

அப்பிடித்தான் எழுதியிருந்தது. வடிவான கேள்வியெல்லே?

ரெண்டாங் கடுதாசிக்கு இந்தத் திருகைதான் காரணம். இஞ்சை பாருங்கோ, ஒருக்கா நிப்பாட்டுறன். கீழ்க்கல்லு காந்தம் எண்டு வையுங்கோ. மேற்கல்லு செப்புத்தட்டு. நடு முளையிலை ஒரு கம்பி தொட்டுக்கொண்டு நிக்குது, மேற்கல்லின்ரை விளிம்பிலை ஒரு கம்பி உரஞ்சிக்கொண்டு நிக்குது. ரெண்டு கம்பியும் போய் அந்த முள்ளுப் பெட்டியிலை முடியுது. மின்சாரம் ஓடினா முள்ளு அசையும். இப்ப மூண்டு விதமாச் சுத்தலாம். கீழ்க்கல்லு நிக்க மேற்கல்லு சுத்துறது ஒண்டு, நாங்கள் நாளாந்தம் சுத்துறமாதிரி. மேற்கல்லைப் பிடிச்சுக்கொண்டு கீழ்க்கல்லைச் சுத்துறது மற்றது. மூண்டாவது, ரெண்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டு ஒண்டாச் சுத்துறது.

குத்துவிளக்குச் சாதியெண்டா, கீழ்க்கல்லுச் சுத்தினாலென்ன நிண்டாலென்ன, இழுவை நிண்ட இடத்திலைதான் நிக்கும். அப்ப மேற்கல்லுச் சுத்தினா முள்ளு அசையும், சுத்தாட்டி அசையாது. அவ்வளவுதான். விளக்குமாத்துச் சாதியெண்டாக் கதை வேறை. ரெண்டும் சேர்ந்து சுத்தேக்குள்ளை இழுவையும் கூடச் சுத்தும், மேற்கல்லுக்கு ஒண்டும் தெரியவராது, முள்ளு செத்த பாம்பு மாதிரிக் கிடக்கும். அப்ப எல்லா வழக்கும் அந்த மூண்டாவதிலைதான் தீரும். நீங்கள் செய்து பாக்க ஏலுமோ எண்டு மாஸ்டரைக் கேட்டிருந்தது.

என்ன? ஆம்பிளை திருகை சுத்துறதோ? ஓம்... தியாகு சுத்துவான். என்ன, சுத்தினா என்ன? அம்மி அரைப்பான், உலை வைப்பான், மாட்டிலை பாலும் கறப்பான். ஐயோ தம்பி, அதைப்போய்ப் பண்டத்தரிப்பிலை சொல்லிப்போடாதையுங்கோ. தமக்கைக்காரி திருகையும் சுத்துவிச்சவள் எண்டு கதை கட்டிப்போடுவினம். எப்பவாகிலும் ஒருக்கா, எனக்குக் காய்ச்சல் எண்டாத்தான். அதுவும் சும்மா ரெண்டு சுத்து.

கை நோ தெரியுமோ எண்டோ? ஆருக்கு? அவனுக்கோ? கடுதாசியிலை அப்பிடி ஒரு வரி இருந்ததோ? திருகையை எந்தப் பக்கம் சுத்தினாலும் வலத் தோளிலைதான் நோ இருக்கும், கல்லு நிக்குதோ கை நிக்குதோ எண்டு தோளுக்குத் தெரியாது எண்டு. ஓம், இருந்தது. அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அந்த வரி கதிரவேலரிட்டைப் போன தாளிலை இல்லையே. அங்கை போனது மாஸ்டரின்ரை மறுமொழியள் மட்டும்தானே.

கோட்டுப் பொக்கற்றுக்கை என்ன வைச்சிருக்கிறியள்?

தாங்கோ பாப்பம். இது... இது எங்கடை கடுதாசியெல்லோ. மூண்டும். முத்திரையும் கிடக்கு. இது உங்களிட்டை எப்பிடி...

நீங்களோ?

நீங்களோ மரியரட்ணம் மாஸ்டர்? கடவுளே. நான் நரைச்ச தாடியோடை ஒரு கிழவன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன். மறுமொழியெல்லாம் அவ்வளவு ஆறுதலா, அவ்வளவு பணிவா எழுதியிருந்தது. எழும்பாதையுங்கோ, இருங்கோ, இருங்கோ. என்ரை வாயைப் பாருங்கோ, வந்த நேரம் தொடக்கம் உங்களைக் கள்ளனைப்போல விசாரிச்சுக்கொண்டு. ஏன் முதலிலையே சொல்லேல்லை? நான் சொல்லவிட்டனானோ. அதுவும் சரிதான்.

ஆனா ஒண்டு கேக்கிறன். கோவியாதையுங்கோ. உங்களைக் கதிரவேலர் அனுப்பேல்லையோ? ஒரு துண்டும் எழுதேல்லையோ, ஆள்விட்டுச் சொல்லேல்லையோ? ஏனெண்டா அந்த மனிசன் ஒரு திட்டம் போட்டுக்கொண்டிருக்குது. கலியாணத்தண்டு சபையிலை மாப்பிள்ளையை எழுப்பிக் காந்தத்தைப்பற்றிப் பத்து நிமிசம் பேசவிடப்போகுதாம். பக்கத்திலை மரியரட்ணம் மாஸ்டரையும் இருத்தி, ஊருக்கு முன்னாலை ரெண்டு கேள்வி கேக்கச் சொல்லப்போகுதாம். தரகர் சொன்னவர். அதைக் கேட்ட நாள் தொடக்கம் தியாகு ராத்திரியிலை சோறு தின்னுறேல்லை. அழைப்பு இன்னும் வரேல்லையோ? வரும். இண்டைக்கில்லாட்டி நாளைக்கு வரும். உண்மையா அவரைத் தெரியாதோ? யேசுவைக் கும்பிடுற வேதக்காரர் சத்தியம் பண்ணமாட்டினம் எண்டு சொல்லுவினம். சரி, நீங்கள் வாயாலை சொன்னாக் காணும்.

அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? மூண்டாங் கடுதாசிக்கு யோசிச்சுச் சொல்லுறன் எண்டு எழுதினனீங்கள், அதை நேரிலை சொல்லவோ? மூண்டாவது அரக்குத் தட்டெல்லே. அரக்கைப் பட்டிலை தேய்ச்சாப் பஞ்சு ஓடிவந்து ஒட்டும், அதிலை மின்சாரம் ஏறியிருக்கு. அந்த அரக்கை ஒரு தட்டா வார்த்து, மின்சாரத்தை ஏத்திப்போட்டு, வேகமாச் சுத்தினா, மின்சாரமும் கூடவே ஓடுதுதானே, அப்ப அது காந்தமாகுமோ எண்டு. ஆகும் எண்டு வைச்சுக்கொண்டா, நான் ஒரு எறும்பா அந்தத் தட்டிலை ஏறி இருந்து சேர்ந்து சுத்துறன். எனக்குத் தட்டு நிக்கிறமாதிரித்தானே இருக்கும். நிக்கிற தட்டுக் காந்தமில்லை. அப்ப எறும்புக்குக் காந்தமில்லை, வாங்கிலை இருக்கிற உங்களுக்குக் காந்தம் இருக்கு. ஒரு சாமான் ஒரே நேரத்திலை இருக்கவும் இல்லாமலும் என்னெண்டு போகும்? அந்தக் கேள்விக்கு உங்களிட்டை மறுமொழி இல்லாட்டிக் குறையில்லை. எனக்கும் அதிலை கனநாள் நித்திரை இல்லை... இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் நித்திரை இல்லை.

அது இல்லையோ? ரெண்டாவதோ? திருகையோ?

செய்து பாத்தனீங்களோ?

பொறுங்கோ. ஒரு நிமிசம் பொறுங்கோ. எடி இராசமலர்! உன்ரை வீட்டிலை ஏதோ அடிப்பிடிக்குது, இஞ்சை மட்டும் மணக்குது! போய்ப் பாரடி!

போறாள். இப்ப சொல்லுங்கோ. மெள்ளச் சொல்லுங்கோ. என்னெண்டு சுத்தினனீங்கள்? தையல் மெசினிலையோ? மேசையைக் கழட்டி, அச்சிலை தட்டைப் பூட்டி... மெசினை மிதிச்சது ஆர்? உங்கடை மனிசியோ. நல்ல மனிசி. செப்புத்தட்டுத்தானே, பித்தளையில்லையே? கம்பி விளிம்பிலை ஒழுங்கா உரஞ்சினதோ, துள்ளித் துள்ளித் தொடேல்லையே? முதலாவது? ஓம், அது அசையும், அது புத்தகத்திலையும் கிடக்கு. ரெண்டாவது, காந்தம் மட்டும் சுத்தேக்குள்ளை? அசையேல்லை. கொஞ்சமும்? ம். மூண்டாவது? ரெண்டும் கட்டிச் சேர்த்துச் சுத்தேக்குள்ளை? சொல்லுங்கோ தம்பி, ஏன் நிப்பாட்டுறியள்?

அசைஞ்சதோ.

அசைஞ்சதோ? முதலாவதுக்கு எவ்வளவு அசைஞ்சதோ அவ்வளவும்? எத்தினை தரம் பாத்தனீங்கள்? ஏழு தரமோ. ஏழு தரமும்.

இல்லை, ஒண்டுமில்லை. உழுந்து கொட்டுப்பட்டுப் போச்சு. கிடக்கட்டும், பேந்து கூட்டி அள்ளலாம். விடுங்கோ, நீங்கள் பொறுக்காதையுங்கோ, கோட்டிலை மா பிரளும்.

ரெண்டு வருசம் தம்பி. நாளாந்தம் இந்தக் கல்லிலை கையை வைக்கேக்குள்ளை அசையுமோ அசையாதோ, அசையுமோ அசையாதோ எண்டு. கேக்க ஒரு ஆளில்லை. சொன்னா விசர் எண்டு ஓடுவினம். அங்கை வட்டுக்கோட்டையிலை ஒரு பெட்டிக்குள்ளை ஒரு முள்ளு அசைஞ்சிருக்கு. எப்ப செய்தனீங்கள்? போன செவ்வாய்க்கிழமை பின்னேரமோ. போன செவ்வாய் பின்னேரம் நான் இஞ்சை இருந்து பயறு உடைச்சனான். எனக்குத் தெரியாமல் போச்சே.

ஆனா மாஸ்டர், உங்கடை முள்ளிலையும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. நீங்கள் பிழை செய்தனீங்கள் எண்டு சொல்லேல்லை. காந்தம் குத்துவிளக்குச் சாதி எண்டு வழக்குத் தீந்துபோச்சு எண்டு நீங்கள் சொல்லுறியள். எனக்கு அவ்வளவு கெதியா நம்ப ஏலாமல் கிடக்கு. மேற்கல்லுச் சுத்தினது, கீழ்க்கல்லுச் சுத்தினது, சரி. அந்தக் கம்பி சுத்தேல்லையே? கம்பியும் முள்ளுப் பெட்டியும் மேசையிலை சும்மா நிண்டதெல்லோ? நாங்கள் ரெண்டு கல்லையும் பாத்துக்கொண்டு இருக்க, மூண்டாவது ஆள் ஒருத்தர் பேசாமல் ஒரு பக்கத்திலை நிண்டு அலுவல் பாத்திருக்கிறார். ஆரிலை சந்தேகப்படவேணும் எண்டா நான் அவரிலைதான் சந்தேகப்படுவன். இழுவை விளக்குமாறு மாதிரிச் சுத்தினாலும், சுத்தாமல் நிக்கிற அந்தக் கம்பியிலை அது பட்டு முள்ளு அசைஞ்சிருக்கலாமெல்லோ? அப்ப என்ன செய்யவேணும்? கம்பியையும் பெட்டியையும் கல்லோடை சேர்த்துக் கட்டி எல்லாத்தையும் ஒண்டாச் சுத்தவேணும். நான் நினைக்கிறன், முள்ளு அசையாது. ஆனா அசையேல்லை எண்டு ஆர் சொல்லுறது? பாக்கிறவரும் ஏறிச் சுத்தவேணும். உங்கடை மனிசி மிதிக்க நீங்கள் சுத்தவேணும், தலை சுத்திச் சத்தியெடுப்பியள்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. ஆனா யோசிச்சுப் பாருங்கோ.

இருட்ட முந்தி வெளிக்கிடுங்கோ மாஸ்டர். உங்கடை சைக்கிளிலை டைனமோ கிடக்குத்தான், எண்டாலும் மதகடியிலை குழி. பொறுங்கோ, ஒரு மிடறு மோர் குடிச்சிட்டுப் போங்கோ. அந்த மூண்டு கடுதாசியையும் பத்திரமா வைச்சிருங்கோ, ஆருக்கும் காட்டாதையுங்கோ, முக்கியமாக் கதிரவேலருக்கு. ஓம், இப்ப சொன்னதையும் எழுதி அனுப்புறன். ஆனா எழுத்துக் கோணலாத்தான் கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. கலியாணம் முடிய அவன் பொம்பிளை வீட்டோடை பண்டத்தரிப்புக்குப் போயிடுவான். இவ்வளவு நாளும் நான் சொல்லச் சொல்லத் தியாகுதான் எழுதினவன், அவன்ரை கையெழுத்து முத்துமுத்தா இருக்கும். நல்ல பொடியன், மாஸ்டர். அழைப்பு வந்தா மனிசியையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வாங்கோ, வந்து வடிவாச் சாப்பிடுங்கோ. சபையிலை உங்களை எழுப்பினா அவனிட்டை என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ, ரெண்டு கல்லும் சேர்ந்து சுத்துறதை மட்டும் கேட்டுப்போடாதையுங்கோ. மற்ற ரெண்டையும் பாடமாக்கிப்போட்டான்.